மாமியார் வீட்டு விலாசம்

பதிவு 1 / 07:40
தபால் கலம், சனிக்கோளின் வளைய ஓரம். பயணி: அமலன், பதினாறு வயது. மிதவையில் அணைந்துபோன விளக்கை மாற்றியாச்சு. திரும்பும் வழி. காற்று சரி, எரிபொருள் சரி. விண்ணுடுப்பின் கையுறை மிதவையில் மாட்டிக் கிழிந்துவிட்டது. உடுப்பு இனி அலங்காரத்துக்குத்தான்.

இது சாமான் வண்டி. எனக்காக ஒரு இருக்கையைத் திருகி வைத்திருக்கிறார்கள். சாமானுக்கு மூச்சு எதற்கு? அதனால் வீடு வந்ததும் வெளியே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கதவு தானாகத் திறக்கும். நிறுத்தப் பொத்தான் கிடையாது.

இந்த விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் பதிவேட்டிலும் விழும். கண்டெடுப்பவரே, அசடு வழிந்தால் துடைத்துக்கொள்ளவும்.

பதிவு 2 / 08:15
சேட்டை நேரம். கணினி நிரலில் எங்கள் கலங்கள் எல்லாம் ‘கலம்’ என்ற தாய் வகுப்பின் பிள்ளை வகுப்புகள்: சரக்கு, தோண்டி, தபால். ‘வீடு’, அதாவது நாங்கள் குடியிருக்கும் தாய்க்கலம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற தகவல், தாய் வகுப்பிடம் மட்டும் இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தனியாக வைத்துக்கொள்வதில்லை. வேண்டும்போது தாயைப் பார்த்துக்கொள்ளும். தனக்கென்று ஒன்றை எழுதிக்கொண்ட பிள்ளை மட்டும் அப்புறம் தாயைக் கேட்கவே கேட்காது. என்னை மாதிரி.

நான் எழுதிக்கொண்டேன்: தபால்.வீடு = மாமியார் வீடு, கட்டம் 44. இனி தாய்க்கலத்தை எட்டியதும், கேப்டன் முன்னால், “மாமியார் வீடு வந்தாச்சு” என்று இது முழங்கும். பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை. பெயரும் இடமும் ஒரே பொட்டலம். இடத்தைத் தாயிடம் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். காப்பியடிப்பது நமக்குப் புதுசா?

பதிவு 3 / 11:50
பனிக்கட்டித் துண்டு ஒன்று மோதியது. அனுப்பும் ஆன்டெனா போச்சு. கேட்க மட்டும் முடிகிறது. தகவல் முதலில் வருகிறது, பேச்சு வரிசையில் நின்று பின்னால் வருகிறது.

தாய்க்கலத்திலிருந்து, கட்டுப்பாட்டு அறை பிலோமி அக்கா: “ஏல அமலா! ஐஸ் கூட்டமா வருதுன்னு நாங்க 51க்கு மாறிட்டோம். தாய் வகுப்புல ஒரே ஒரு தடவதான் மாத்தினேன், அத்தன கலமும் திரும்பிட்டு. நீ மட்டும் ஏம்ல 44க்கே போற? என்னத்தல நோண்டுன?”

என் கலம் தாயைக் கேட்கவில்லை. என் எழுத்தைத்தான் நம்புகிறது. காலியான 44ஐ எட்டினால் வீடு வந்ததாக நினைத்துக் கதவைத் திறந்துவிடும்.

51 என்று மாற்றி எழுதினேன். திரும்பியது. அப்பாடா.

பதிவு 4 / 13:20
அப்பாடாவாவது மண்ணாங்கட்டியாவது. பிலோமி அக்கா: “58க்குப் போறோம்ல, பனி விடமாட்டேங்கு.” மற்ற கலங்கள் திரும்பிவிட்டன. என்னுடையது 51க்கே போகிறது. 58 என்று எழுதினேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் எரிபொருள் குடிக்கிறது, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி.

பதிவு 5 / 14:35
63. இப்போது 63ஆம்! எழுதினேன். சுவரை உதைத்தேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டை விரலுக்கு ஆனது. என் கட்டமே சரியில்லை.

எரிபொருள் அனேகமாகத் தீர்ந்தது. இன்னும் ஒரு திருப்பம், அவ்வளவுதான். அடுத்து எந்த எண்ணை எழுத?

பதிவு 6 / 15:10
ஐயோ, மடையா. எண்ணை மாற்றுவதில் பயனே இல்லை. நான் எதை எழுதினாலும் அது என் எழுத்து. எழுதிய நொடியே பழசாக ஆரம்பித்துவிடும். எழுதக் கூடாது, அழிக்க வேண்டும். எனக்கென்று வீடு இல்லாவிட்டால் கலம் தாயைப் பார்க்கும். தாய் எங்கே போனாலும் பின்னாலேயே போகும். இவ்வளவு நேரம் இது ஏன் உறைக்கவில்லை?

பிலோமி அக்கா, சேட்டையை விட்டுவிட்டேன். நிஜமாகவே.

அழி தபால்.வீடு

பதிவு 7 / 15:12
அழிந்தது. திரையில்: வீடு: தாய்க்கலம். கட்டம் 61.

நான் இருப்பதே 61.

ஜன்னலில் தாய்க்கலம் இல்லை. எதுவுமே இல்லை. வெறும் கறுப்பு. ஆனால் கலம் முழங்குகிறது: “வீடு வந்தது. முப்பது நொடியில் கதவு திறக்கும்.”

இல்லை. இல்லை, வரவில்லை, நம்பாதே

பேச்சு இப்போதுதான் வருகிறது. பிலோமி அக்கா: “அமலா, பயப்படாதல. இத்தன திருப்பத்துல உன் எரிபொருள் தீந்திருக்கும். நீ 61ல நிக்கிறது இங்க தெரியுது. தாய் வகுப்புல வீட்டையே 61ன்னு மாத்திட்டேன். எல்லாக் கலமும் உன்னத் தேடித்தான் வருது, நாங்களும் வாரோம். நீதான் உனக்குன்னு தனி வீடு எழுதி வச்சிருக்கியே, உன் கலத்த இது தொடாது. அந்தக் குசும்பு இன்னைக்கு உன்னக் காப்பாத்திட்டுல. எதையும் நோண்டாம சும்மா இரு, ராசா.”

பத்து என்கிறது. திரும்ப எழுதினால் போதும். எனக்கென்று ஒரு வீடு, எந்தக் கட்டமானாலும், 61 மட்டும் வேண்டாம். விரலே ஒழுங்காத் தட்டு

தபால்.வீடு = மாமியார் வீ