உயிர்த்த ஞாயிறன்று வந்த துளிர்

2024 மார்ச் 3, ஞாயிறு

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்பவே சொன்னவன். தையில் டில்ஷானி மல்பெரிச் சாடிகளை எங்கள் வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடிக்கு ஏற்றியபோதே, "இதில ஒண்டு தலையைச் சாய்க்கும், பார்" என்று கீழ்வீட்டு மெல்ரோயிடம் சொன்னேன். இன்று காலை ஒன்று சாய்ந்துவிட்டது. இலை பச்சையாகவே தொங்குகிறது. தொட்டால் ஈரத்துணி மாதிரி.

டில்ஷானி என் தங்கை மெற்றில்டாவின் மகள். பட்டுப்புழு ஆராய்ச்சிக்காரி. புழு தின்னும் மல்பெரிக்கு வேரழுகல் வருகிறது. மருந்தடித்தால் இலையைத் தின்னும் புழுவும் செத்துப்போகும். அதனால் மண்ணில் ஒரு நல்ல பங்கசை, அதுதான் பூஞ்சணத்தை, விட்டு, வேரை அழுகவைக்கும் கெட்ட பங்கசை அடக்கப் பார்க்கிறாள். அவளுடைய நிலையத்தில் குரங்கு ஒரு குருத்தையும் விட்டுவைப்பதில்லை. "என்ர மாடியைப் போல ஒரு இடம் கொழும்பிலயே இல்லைப் பிள்ளை" என்று நான்தான் கூப்பிட்டேன்.

மெல்ரோயிடம் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் ஒரு ஜப்பான் கப்டன் மல்பெரி இரகசியம் முழுவதையும் எனக்குச் சொல்லித் தந்தான், மருமகளுக்கு ஆரம்பம் போட்டதே நான்தான் என்று. நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதை அவன் கேட்கவில்லை.

மார்ச் 10

இன்னும் மூன்று சாய்ந்துவிட்டன. தண்ணீர் கூடிவிட்டதோ? குறைந்துவிட்டதோ?

தையில் அவள் இவற்றைத் தடியாக நட்டதை நினைத்துக்கொண்டே நின்றேன். கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஒரே வெட்டு. "இலை வந்த உடன நம்பாதேங்கோ மாமா. தடி தன்ர சாறில கொஞ்ச நாள் இலை விடும். வேர் வந்தாத்தான் மரம்" என்றாள்.

மார்ச் 17

டில்ஷானி வந்தாள். எல்லாச் சாடியும் போய்விட்டது. ஒவ்வொன்றாகக் குந்தியிருந்து நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தாள். உள்ளே மண்ணிறம்.

"உன்ர நல்ல பங்கசு என்ன செய்யுது பிள்ளை, நித்திரையோ?"

அவள் சிரிக்கவில்லை. "சூடு மாமா. கொங்கிரீட் சூட்டில அது செத்துப்போச்சுப் போல. கெட்டது தாங்கிக்கொண்டு நிக்குது."

என் மாடிச் சூடு. கொழும்பிலேயே இல்லாத மாடி.

ஏப்ரல் இருபத்தாறில் அவளுடைய திட்டத்தை மதிப்பிடும் குழு கூடுகிறதாம். நோய் பிடித்த சாடி ஒன்றாவது அடியிலிருந்து திரும்பத் துளிர்த்தால்தான் அடுத்த வருசத்துக்கு விடுவார்களாம். "இல்லாட்டி புழு அறையைப் பூட்டிப்போட்டு என்னைக் கோப்பு அடுக்க விடுவினம்" என்றாள். ஆறு வருசமாக அந்தப் புழுக்களோடு இருக்கிறவள். நான் என்ன செய்ய? குடை பிடிக்கவா?

பிடித்தும் பார்த்தேன். மெல்ரோய் கீழேயிருந்து கண்டுவிட்டான். "அங்கிள், செத்த வீட்டுக்கோ குடை?"

மார்ச் 24, குருத்து ஞாயிறு

விடிய பாமன்கடைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு, அப்படியே பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைப் பூசைக்குப் போனேன். கோயில் வாசலில் பையைச் சோதித்த ஆமிக்காரப் பெடியன் கையை உள்ளே விட்டு, "மே மொகத, அங்கிள்?" என்று சிங்களத்தில் இது என்னவென்று கேட்டான். "பெஹெத்" என்றேன். மருந்து என்றதும் விட்டுவிட்டான்.

குருத்தோலையோடு வீட்டுக்கு வந்தேன். மாடியில் கொஞ்சம் வேலை இருந்தது.

மார்ச் 31, உயிர்த்த ஞாயிறு

ஆண்டவர் உயிர்த்த நாள். மூலைச் சாடியில், செத்த கட்டையின் அடியிலிருந்து ஒரு துளிர். பச்சைப் பொட்டு இரண்டு. வேரிலிருந்தே கிளம்பி வந்திருக்கிறது. நான் சொன்னேன் அல்லவா?

டில்ஷானிக்குப் போன் எடுத்தேன். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "மாமா, மண்ணைக் கிளறாதேங்கோ. தொடாதேங்கோ. நான் வாறன்."

மெல்ரோய், "கப்டன் கனவில வந்தவரோ அங்கிள்?" என்றான். "ஓம், தொப்பியோட" என்றேன். அவ்வளவு சந்தோசம்.

ஏப்ரல் 20

வேன் கொண்டுவந்து சாடியை எடுத்துப் போனாள். ஐந்து இலை. சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு மடியில் வைத்திருந்தாள். அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது. வேன் கதவு வரைக்கும் போனேன். "கவனமாக் கொண்டு போ" என்றுதான் வாயில் வந்தது.

ஏப்ரல் 26

இன்று குழு. போன் எடுத்தேன், எடுத்தேன். ஓஃப் பண்ணி வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

வந்தாள். சாடி இல்லை. பேப்பரில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தாள்.

"திட்டத்தை மூடிட்டினம் மாமா."

"துளிரைக் காட்டினியே?"

"கூட்டத்துக்கு முதல் நாள் சாடியைக் கவிட்டுப் பாத்தனான். ஒண்டும் துளிர்க்கேல்ல எண்டுதான் எழுதிக் குடுத்தனான்."

"அவங்கள் என்ன, மண்ணைக் கிளறியே பாக்கப்போறாங்கள்?"

"நான் கிளறினனானே மாமா."

நான் பேப்பரைத் திறக்கவில்லை. அவளே திறந்தாள். உள்ளே அந்தத் துளிர் விட்ட தடி, கழுவித் துடைத்திருந்தாள். அடி கறுத்து, ஒரு வேர்மயிர் கூட இல்லை. விரலால் அந்த வெட்டைத் தடவிப் பார்த்து, "கத்தியை நல்லாச் சாய்ச்சுத்தான் பிடிச்சிருக்கிறியள்" என்றாள்.

தேத்தண்ணி போட்டேன். குடித்தாள். நாளையிலிருந்து கோப்பு அறையாம். போகும்போது, "வெயிலுக்குள்ள மாடிக்கு ஏறாதேங்கோ, இனி அங்க ஒண்டும் இல்லைத்தானே" என்றாள். படி இறங்கும் சத்தம் கீழே போய்ச் சேரும் வரைக்கும் நின்றேன். மெல்ரோய் கதவைத் திறந்து ஏதோ கேட்டான். கேட்காதது போல் உள்ளே வந்துவிட்டேன்.

சரி, எழுதுகிறேன். அந்தத் துளிர் வேரிலிருந்து வரவில்லை. பாமன்கடையில் ஒரு வீட்டு மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மல்பெரியில் நான் வெட்டி வந்து, செத்த கட்டையின் அடியில் குத்திவைத்த தடி அது. ஆமிக்காரப் பெடியன் பையில் கண்டதும் அதைத்தான். அது ஒன்றுதான் நான் கட்டிய கதை. மற்றதெல்லாம் உண்மை. ஜப்பான் கப்டன் விசயம் அரைவாசி.