நாக்கினடியில் மாத்திரை

அன்புள்ள அஜிதாவுக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளையும் சுகமா? உன் கால்வலி குறைந்ததா?

நேற்று போனில் நான் உளறியதும் பயந்து வைத்துவிட்டாய். அதன்பிறகு எடுக்கவே இல்லை, அதனால் எழுதுகிறேன். நான் மறுபடி போதையில் விழவில்லை. ஹெராயினை மறக்க ஆஸ்பத்திரியில் தரும் மாத்திரை நாக்கினடியில் கரைந்துகொண்டிருந்தது. கரையும்வரை பேசக் கூடாது. நர்ஸ் ஷில்பா போனை வாங்கி, "சேச்சி, மருந்து கரையட்டும், பின்னே பேசும்" என்று சொல்வதற்குள் நீ லைனில் இல்லை.

கூடவே நான் பழகிய கொக்கைனுக்கு அப்படி மாத்திரை கிடையாது. வாராவாரம் ஆலோசனையும் பரிசோதனையும்தான். இன்று டாக்டர் முடிவைப் பார்த்துச் சிரித்தார். "சுடலைக்கண்ணு, ஹெராயினும் இல்லா, கொக்கைனும் இல்லா, கேட்டோ!" மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்தத் தாளோடு உன்னிடம் ஓடி வரலாம்போல இருந்தது.

ஹோட்டல் அடுக்களை வேலைக்கு நேரமாகிவிட்டது. இடுப்பில் கட்ட என் கட்டம்போட்ட சாரத்தை இங்கே தம்பானூர் வரும் பஸ்ஸில் கொடுத்துவிடு. வேண்டாம், பிள்ளையோடு நீயே கொண்டு வா.

உன்
சுடலைக்கண்ணு