எந்தப் புராசஸர் இதில் உட்காரும்?

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் நின்றுவிட்டது. பத்தாயிரம் தையல் வரை திரையில் ஒழுங்காக வரைகிறது. அதற்குமேல் மடிக்கணினி அப்படியே உறைந்துபோகிறது. தையல் யூனிட் மேற்பார்வையாளர் கேட்டிருப்பது இருபத்தாறாயிரம் தையல். கால்பந்துக் குழுவின் மார்புச் சின்னம், கழுகும் கயிறுமாக. பதினேழாம் தேதிக்குள் மெஷினில் ஓட்டுவதற்கான தையல் ஃபைல் போகாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாராம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

"புதுசு ஒண்ணு வாங்கிக்கயேன்" என்கிறார் இவர். எத்தனை தடவை சொல்வது? எம்பிராய்டரி மென்பொருள் இந்த மடிக்கணினியோடு பூட்டப்பட்டது. விற்ற கம்பெனியே இப்போது இல்லை. புதியதில் ஏறாது.

"அப்ப விட்டுடு. இதுக்குப் போய் ஏன் தலையப் பிச்சுக்கற?"

விட்டுவிட்டு? இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான்.

மார்ச் 5

தம்பி போனில், "புராசஸர மட்டும் மாத்துக்கா, அரை மணி நேர வேலை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். எந்தப் புராசஸர்?

மார்ச் 6

காலையிலிருந்து இணையத்தில் தேடல். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. புராசஸர் எண்ணின் கடைசியில் 'யூ' இருந்தால் மதர்போர்டோடு பற்றவைத்தது, கழற்ற முடியாது. 'எம்' இருந்தால் கழற்றலாம். ஆனால் எல்லா 'எம்'மும் ஒன்றல்ல — இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை. அடியில் இருக்கும் பின்களின் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனாலும் சில போர்டில் சேராதாம். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் மாதிரி. வாட் வேறு பார்க்க வேண்டுமாம். முப்பத்தைந்தா, நாற்பத்தைந்தா? யாருக்குத் தெரியும்?

கடைசியில் கீபோர்டுக்குக் கீழே, கை வைக்கும் இடத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, அதே தலைமுறையில் ஒரு படி பெரியதாக ஒன்று வரவழைக்கச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 10

வரவழைத்ததைப் பழுது பார்க்கும் கடையில் மாட்டச் சொன்னேன். திரை கறுப்பு. கடையை நடத்தும் அம்மா, கழற்றிவைத்த பழையதன் எண்ணைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஸ்டிக்கர நம்பியா வாங்குனீங்க? கீபோர்டு இருக்கற இந்த மேல்பாகம் வேற மெஷினோடது."

மூன்று வருஷம் முன்பு திரையின் கீல் உடைந்தபோது வேறொரு கடையில் மேல்பாகத்தையே மாற்றிக் கொடுத்தார்கள். மறந்தே போய்விட்டது. உள்ளே இருப்பது ஒரு தலைமுறை பழசு. நான் இத்தனை நாள் இரவல் சட்டைக்கு ஜோடி தேடியிருக்கிறேன்.

"என்கிட்ட பொருந்துற மாதிரி ஒண்ணு இருக்கு. நாளன்னிக்கு வாங்க."

மார்ச் 12

பொருந்தியது. பறந்தது. எனக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷம், ஐந்து நிமிஷம். மென்பொருளைத் திறந்தால், இந்தக் கணினிக்கு அனுமதி இல்லை என்கிறது. இதே கணினிதானே?

"மூளைய மாத்திட்டீங்கல்ல, அதுக்கு இது வேற ஆளு" என்றார் கடைக்காரம்மா.

பூட்டு புராசஸரோடுதானா? இது எனக்கு ஏன் தெரியவில்லை? கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. பழையதையே போட்டுவைக்கச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

மார்ச் 13

மேற்பார்வையாளருக்கு "முடியாது" என்று எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

மார்ச் 14

கடைக்காரம்மா மடிக்கணினியோடு ஒரு காகிதப் பொட்டலத்தையும் நீட்டினார். பிரித்தால் நூல் பிசிறு. சிவப்பு, நீலம், தங்க நிறம் — எல்லாம் என் நூல்.

"விசிறி முழுக்க இதுதான். சூட்டக் கடத்த புராசஸர் மேல பூசியிருந்த பேஸ்ட்டும் காஞ்சு பொடியா இருந்துச்சு. சூடு தாங்காம அதுவே வேகத்தக் குறைச்சுக்கிட்டு இருந்திருக்கு. அன்னைக்கே சொல்லியிருக்கணும், நீங்க புராசஸர் புராசஸர்னே நின்னீங்க. இப்ப சுத்தம் பண்ணிட்டேன், ஓட்டிப் பாருங்க."

எம்பிராய்டரி மெஷினுக்கு வாரம் தவறாமல் பிசிறு துடைப்பவள் நான். பக்கத்திலேயே உட்கார்ந்து அதே காற்றை இழுக்கிற இதை ஒருநாளாவது திறந்து பார்த்தேனா? கோளாறு தீர்ந்ததா என்றும் இன்னும் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

திரையில் கழுகின் இறக்கை முடிந்து கயிறு ஓடிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அம்மா வந்து கூப்பிட்டார். எழுந்திருக்கப் போனேன். அதற்குள் வாசலில் இவர் குரல்: "அவளுக்கு ஆர்டர் வேலை இருக்குங்க, இன்னைக்கு அனுப்பியாகணும். நாளைக்கு வரச் சொல்றேன்."

இதை வேலை என்று இவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தையல் எண்ணிக்கை பத்தொன்பதாயிரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.