தலைமுடி கனத்துக்குள் ஒரு திசை

கே.ஜி.கண்டிகையில் பேருந்தைத் தவறவிட்டு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். கண் படாமலிருக்கக் கடைக்காரர் கட்டிய எலுமிச்சையும் மிளகாயும் நூலில் தொங்கிக்கொண்டிருந்தன. காற்று அசையவில்லை. ஆனாலும் எலுமிச்சை மெல்ல ஒரு பக்கம் திரும்பியது, நின்றது, பிறகு மறுபக்கம் திரும்பியது. நூலின் முறுக்கு, அவ்வளவுதான். டீ ஆறிப்போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால், “வேடிக்க பாக்காத, எவ்ளோ நேரத்துக்கு ஒருதரம் திரும்புதுன்னு பாருடீ” என்று என் கைக்கடிகாரத்தைத் தட்டியிருப்பாய்.

நீ போய் இந்தத் தை வந்தால் ஒரு வருடம். இறந்தவர்களுக்கு எழுதுவது போய்ச் சேரும் என்று நம்புகிறவள் அல்ல நான். அது உனக்குத் தெரியும். இருந்தும் உன்னைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லும்போது ஏதோ பாராட்டுரை போல ஆகிவிடுகிறது. உன்னிடமே சொன்னால் அளவு மீறாது என்று தோன்றுகிறது.

எம்.எஸ்ஸி. படித்தபோது இருவரும் தினமும் திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய்வந்தோம். ஒரு மாலை ஊர் நெருங்கும்போது ஜன்னல் வழியாக மலையைக் காட்டினாய்.

“படிக்கட்டு எப்பிடித் தெரியுது?”

“கோடு மாதிரி.”

“அந்தக் கோட்டு மேல ஏறலாம், எறங்கலாம். பக்கத்துல நவுர எடம் இருக்குதா?”

“இங்கேருந்து பாத்தா இல்ல.”

“கிட்ட போனா?”

கிட்டப் போனால் காவடி சுமந்து ஏறுகிறவரும், மொட்டையடித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவரும் இடித்துக்கொள்ளாமல் விலகிப் போகிறார்கள். அகலம் இருக்கிறது, தூரம் அதை மறைக்கிறது. நீளம், அகலம், உயரம் என்ற மூன்றைத் தவிர வேறு திசைகளும் வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் சின்னதாகச் சுருண்டு கிடக்கலாம், அந்த அளவுக்குக் கிட்டப் போய் யாரும் பார்க்கவில்லை என்றாய். உன் கை வீச்சில் இடிபட்ட முறுக்குக்காரம்மா, “மலைய அளந்து முடிச்சிட்டியாம்மா? கொஞ்சம் எடம் உடு, கூடைய வெக்கணும்” என்றார்.

எனக்கு அந்தக் கருத்து பிடிக்கவில்லை. கணக்கு சரியாக வரவேண்டும் என்பதற்காக, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சேர்த்துக்கொள்வது வசதியான பதில் என்றேன். “நாளைக்கு நானும் என் மார்க்கு எங்கியோ சுருண்டுகினு இருக்குதுன்னு சொல்லுவேன், ஒத்துப்பியா?”

நீ சிரித்தாய். “அதனாலதான் அளக்கணும்ன்றேன். இருந்தா இருக்குது. இல்லாங்காட்டி இல்ல. எது வந்தாலும் வெளிய சொல்லுவேன்.”

அந்த வயதில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் அதை நம்பவில்லை.

உன்னை அந்தக் கேள்வி விடாமல் பிடித்ததற்குக் காரணம் ஈர்ப்பு விசை. ஒரு சின்னக் காந்தம் குண்டூசியைத் தூக்கிவிடுகிறது, முழுப் பூமியும் கீழே இழுத்துக்கொண்டிருக்கும்போதே. பூமியின் இழுப்பு ஏன் அவ்வளவு பலவீனம்? ஊருக்கு வெளியே உங்கள் கழனியில், இதை உன் நைனாவிடம் கேட்டாய். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “வாய்க்கால்ல தண்ணி கம்மியா வந்தா மேல எங்கியோ கசியுதுன்னு அர்த்தம்” என்றார். நீ குதித்தாய். ஈர்ப்பு விசை அந்தச் சுருண்ட திசைகளுக்குள் கசிகிறதோ என்பதுதான் அறிஞர்களின் ஊகமும். உண்மையில் அவர் நீ கேட்டதைக் காதில் வாங்கவேயில்லை. பக்கத்துக் கழனிக்காரர் மடையை உடைத்துவிட்டார் என்று என்னிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் அன்றிலிருந்து உன் ஆராய்ச்சிக்கு வீட்டில் ‘வாய்க்கா வேல’ என்று பெயராகிவிட்டது.

நான் இங்கேயே கல்லூரியில் ஆசிரியை ஆனேன். நீ வெளிமாநிலத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் நிலவறையில் உன் கருவியைக் கட்டினாய். ஒருமுறை வந்து பார்த்தேன். தலைமுடியைவிட மெல்லிய கம்பியில், துளைகள் போட்ட ஓர் உலோக வட்டு தொங்கியது. அதற்கு மிக அருகில், அதே போலத் துளையிட்ட இன்னொரு தட்டு அடியில் மெதுவாகச் சுழன்றது. கீழே ஒவ்வொரு துளை கடக்கும்போதும் மேல் வட்டு இம்மி அளவு முறுகித் திரும்பும். எவ்வளவு திரும்பவேண்டும் என்பதைப் பழைய விதி சொல்லிவிடும். அதைவிட அதிகமாகத் திரும்பினால், அந்த இடைவெளிக்குள் வேறு ஏதோ திசை இருக்கிறது. ஒரு லாரி தூரத்தில் போனாலும் கலைந்துவிடும் அந்தக் கருவியோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தினாய். கல்யாணம் பற்றி உன் அண்ணன் கேட்டபோது, “இதுவே மாமியார் மாதிரி இருக்குது, இன்னொண்ணு வேணாம்” என்றாயாம்.

பிறகு ஒரு கார்த்திகை மாதத்தில் போன் செய்தாய். குரல் வேறு மாதிரி இருந்தது.

“ஏய். அதிகமாத் திரும்புதுடீ.”

“எவ்ளோ?”

“தப்புன்னு தள்ள முடியாத அளவுக்கு. ஒவ்வொரு தொளைக்கும். கரெக்டா ஒவ்வொரு தொளைக்கும்.”

“என்ன மாத்துன?”

“ஒண்ணும் மாத்தல. பழுது பாத்துத் திருப்பி மாட்டினோம், அவ்ளோதான். ஒரு நாளாவது சந்தோஷப்படேன்டீ.”

நான் சந்தோஷப்படவில்லை. ஆனால் உன் அண்ணன் பட்டார். அவரிடம் நீ வாய்தவறிச் சொன்னது ஒரு வாரத்தில் ஊர் முழுவதும் பரவியது. சிமெண்ட் கடை வைத்திருக்கும் பெரியவர், ஊரில் எந்த விழாவுக்கும் முன்னால் நிற்பவர், உனக்குப் பாராட்டு விழா என்று கல்யாண மண்டபத்தைப் பிடித்துவிட்டார். ‘வேற்றுலகம் கண்ட வீரமங்கை’ என்று உன் படத்தோடு பேனர் வந்தது.

விழாவுக்கு முதல் நாள் ரயில் நிலையத்தில் உன்னை அழைத்துப்போக வந்தேன். பெட்டியைக் கீழே வைத்த உடனே சொன்னாய்:

“குங்குமம்டீ.”

எனக்குப் புரியவில்லை. ஆயுத பூஜை சமயத்தில் கருவியைப் பழுது பார்க்கப் பிரித்து வைத்திருந்தாய். அடித்தட்டு மேசைமேல் கிடந்தது. உன் கையால் துளையிட்ட தட்டு. நைனா டிராக்டருக்கு வைக்கிறார், எனக்குச் சோறு போடுவது இதுதானே என்று சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறாய். நீதான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவளாயிற்றே. ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் ஒரு பொட்டு. மறுநாள் ஸ்பிரிட்டால் துடைத்தாய். கண்ணுக்குச் சுத்தம். ஆனால் கடைக் குங்குமத்தில் கலந்திருந்த இரும்புக் காவியின் துகள்கள் துளை விளிம்புகளில் தங்கிவிட்டன. தட்டு சுழன்றபோது அந்தத் துகள்களின் துளிக் காந்தம் மேல் வட்டை இழுத்தது. ஒவ்வொரு துளைக்கும், கரெக்டாக.

“ஏனோதானோன்னு ஒரே ஒரு பொட்டு வெச்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். தொளையோட கணக்குக்கு ஒத்து வந்திருக்காது” என்றாய். பூஜைக்கு வராத மாற்றுத் தட்டை நீயே மாட்டிப் பார்த்திருக்கிறாய். கூடுதல் திருப்பம் காணாமல் போயிருக்கிறது. யாரும் உன்னைச் சோதிக்கச் சொல்லவில்லை. உன் குழுவில் எல்லோரும் கட்டுரை எழுத உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று மாலை உன் அண்ணன் கெஞ்சினார். “பாப்பா, ஆராய்ச்சிக் கூடத்துல சொல்லிக்கோ. மேடையில எதுக்கு? பொண்ணுக்குப் பேர் வந்துச்சுன்னு நைனா ஒறவுக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டுகினு இருக்காரு. நன்றின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு எறங்கிடு.”

ஊர் முழுக்க உன் படம் தொங்கியது. நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். இறங்கியிருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. சால்வை போட்டார்கள். நீ மைக்கைப் பிடித்து, படிக்கட்டில் தொடங்கி, பொட்டு வரைக்கும் எல்லாவற்றையும் நம் ஊர்ப் பேச்சிலேயே சொன்னாய். “நான் எதையும் கண்டுபுடிக்கலைங்க. பேனர்ல இருக்கறது உண்ம இல்ல. நான் பாத்த தூரம் வரைக்கும் அந்தத் திச இல்ல” என்றாய்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். “அப்போ பொட்டு வெச்சது தப்புன்றியாம்மா?”

“வெச்சது தப்பில்லீங்க. தட்டு மேல வெச்சது தப்பு. மேசைக்கு வெச்சிருக்கணும்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிமெண்ட் கடைப் பெரியவர் முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தார். உன் அண்ணன் தலையைத் தூக்கவில்லை. அப்போது முன்வரிசையில் உன் நைனா இருந்த இடத்திலிருந்தே கேட்டார்:

“அப்போ வாய்க்கா கசியலியாம்மா?”

“நான் பாத்த வரைக்கும் கசியல நைனா.”

“கர நல்லா இருக்குதுன்னு சொல்லு. அதுக்கு ஏன் மூஞ்சிய அப்பிடி வெச்சிகினு நிக்கிற?”

மண்டபமே சிரித்தது. நீயும்தான், அந்த முறை ஊருக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக. நான் கைதட்டினேன். கூட்டத்தில் கைதட்டும் பழக்கம் எனக்கு அதற்கு முன்பு இல்லை.

அதன்பின் தட்டைப் புதிதாகச் செய்து, இன்னும் கிட்டப் போய், வருடக்கணக்கில் அளந்து, ‘தலைமுடியின் கனம் வரைக்கும் கூடுதல் திசைக்கு அடையாளம் இல்லை’ என்று கட்டுரை வெளியிட்டாய். குங்குமக் கதையையும் அதில் ஒரு பத்தியாகச் சேர்த்தாய். இருப்பதாகச் சொன்ன கட்டுரைகளுக்குக் கிடைக்கும் பேர் அதற்குக் கிடைக்கவில்லை. நோயில் படுத்தபோதும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. “யாரோ ஒருத்தன் இன்னும் கிட்ட போவான்டீ. நான் பாத்த எடத்த அவன் திருப்பிப் பாக்க வேண்டியதில்ல” என்றாய்.

இத்தனை காலமும் நம் இருவரில் நான்தான் சந்தேகப்படுகிறவள் என்று நினைத்திருந்தேன். எனக்குச் சந்தேகம் சுலபம்; அந்தத் திசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு இழப்பில்லை. நீ அது இருக்கவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டாய். கையில் கிடைத்துவிட்டது போலிருந்தபோது, நீயே தட்டை மாற்றிப் பார்த்தாய்.

நானோ ‘இல்லை’ என்று எதையும் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு தூரம் வரைக்கும் இல்லை என்று என்னை யாரும் கேட்டதில்லை. இப்போது எதை மறுத்தாலும் அந்தக் கேள்வி எனக்குள் எழுந்து நிற்கிறது. அது நீ கொடுத்துவிட்டுப் போனது.

போன மாதம் கடைத்தெருவில் சிமெண்ட் கடைப் பெரியவர் என்னை நிறுத்தினார். வயதாகிவிட்டது, கோபமெல்லாம் ஆறிவிட்டது.

“ஏம்மா, அந்தப் பொண்ணு தேடுச்சே, அந்த வேற திச. அப்போ அது இல்லவே இல்லியா?”

“ஒரு தலமுடி கனம் வரைக்கும் பாத்துட்டாங்க. அதுவரைக்கும் இல்லீங்க. அதுக்கும் உள்ள என்னன்னு தெரியாது.”

“யாரு பாத்தது?”

“ஒலகத்துல சில எடத்துல பாத்தாங்க. அதுல ஒண்ணு நம்ம ஊர்ப் பொண்ணு.”

“ஆங். அத பேனர்ல போட்டிருக்கணும்” என்றார்.