பித்தளை லென்ஸில் எடுத்த முகம்

மழை விட்டு மூன்று நாளாகிறது. இன்று காலை உங்கள் பித்தளை லென்ஸ் இருந்த மரப்பெட்டியைத் திறந்தேன். ஈரத்தோலும் பூசணமும் சேர்ந்த நாற்றம் முகத்தில் அடித்தது. கண்ணாடிக்கு உள்பக்கம் சிலந்தி நூல் போலப் பூசணம் படர்ந்திருக்கிறது. பெட்டியைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு, சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன்.

நீங்கள் போய் நான்கு வருடம் ஆகிறது. ஊரார் உங்களைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள். நம் பிளாக்பள்ளி மாதா கோவில் வாசலில் யாரைப் பார்த்தாலும், "உங்க வீட்டுக்காரர் எடுத்த எங்க கல்யாணப் படம் இன்னும் அப்படியே இருக்கு" என்கிறார்கள். நானும் தலையாட்டிவிட்டு வருகிறேன். உயிரோடு இருந்தபோது உங்களிடம் முழுதாகச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

ஆண்களை நீங்கள் எடுப்பீர்கள், பெண்களை நான் எடுப்பேன் என்று தொழிலைப் பிரித்துக்கொண்டோம். அந்நிய ஆணுக்கு முகம் காட்டாத கோஷாப் பெண்கள் மூடிய வண்டியில் வந்து இறங்கும் நாட்களில் நீங்கள் தெருவுக்கே போய்விட வேண்டும். நம்மிடம் இருந்தவை இரண்டே லென்ஸ்கள். ஒன்று உங்கள் பித்தளைக் குழல். முழுசாகத் திறந்துவைத்து எடுத்தால் கண் மட்டும் தெளிவாக விழும். கன்னம் வெண்ணெய் மாதிரி வழுவழுத்துப்போகும். காது புகையாகக் கரைந்துவிடும். மற்றது, ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்கார டாக்டர் ஒருவரிடம் வாங்கிய சின்ன ஜெர்மன் லென்ஸ். அது புருவத்தில் ஒரு முடியைக்கூட விடாது.

"அது போலீஸ்காரன் லென்ஸ், ஞானம். மூஞ்சின்னா கொஞ்சம் மன்னிக்கணும்" என்பீர்கள். "எவனாவது தன் முகப்பருவுக்குச் சட்டம் போட்டு மாட்டுவானா?"

கல்யாணமான புதிதில் அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. இரக்கமுள்ள மனிதரைக் கட்டிக்கொண்டேன் என்று அக்காவிடம் பெருமை பேசியிருக்கிறேன். ஜெர்மன் லென்ஸின்மேல் குற்றமில்லை என்று எனக்குப் புரியப் பல வருடம் பிடித்தது. நீங்கள் ஆட்களைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் உட்காரவைப்பீர்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் தேங்கும். நான் நாற்காலியைத் திருப்பி, முகம் நேராக வடக்குக் கண்ணாடிக் கூரையைப் பார்க்கும்படி வைத்தேன். மூன்று எண்ணும்வரை அசையாமல் இருந்தால் போதும். வடு வடுவாகத்தான் விழுந்தது. ஆனால் அதைச் சுற்றி ஒரு மனுஷி உயிரோடு இருந்தாள். அதன் பிறகு பெண்களை எடுக்க நான் ஜெர்மன் லென்ஸைத்தான் தொட்டேன். ஒரு லென்ஸை விலைப்பட்டியலில் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. நூறு முகத்துக்கு எதிரே வைத்துப் பார்த்த பிறகுதான் அது நமக்கு ஆகுமா ஆகாதா என்று தெரியும்.

கமலம் வந்தது அப்போதுதான். அல்சூரில் பெண்கள் பள்ளியில் டீச்சர். சின்ன வயதில் வந்த அம்மை அவள் கன்னம், நெற்றி எல்லாம் கொத்திவிட்டுப் போயிருந்தது. மாப்பிள்ளை ரங்கூனில் வேலையிலிருந்தவர், தாய் தகப்பன் இல்லாதவர். கடிதத்திலேயே பேசி முடிப்பதென்று ஏற்பாடு. அவர் கேட்டது ஒரு போட்டோ. தகப்பனார் அவளை என்னிடம் விட்டுவிட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, தழும்பு தெரியற மாதிரியே எடுங்க. வேணாம்னா அங்கிருந்தே வேணாம்னு எழுதட்டும். எதிர்ல நின்னு சொல்றத என்னால கேக்க முடியாது."

ஜெர்மன் லென்ஸில்தான் எடுத்தேன். கண்ணாடி பிளேட்டைக் கழுவிப் பார்த்தேன், நன்றாக வந்திருந்தது. மறுநாள் அக்கா பிரசவத்துக்கு நான் ஓசூர் போனேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்பியபோது பிரிண்ட் காயும் கம்பியில் வேறொரு கமலம் தொங்கினாள். பித்தளை லென்ஸில் எடுத்து, நெகட்டிவின்மேல் பென்சிலால் ஒவ்வொரு குழியாக நிரப்பியிருந்தீர்கள்.

"உன் பிளேட்டு கீறிப்போச்சு. மறுபடி கூப்ட்டு எடுத்தேன்" என்றீர்கள்.

"அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லலையா?"

"அவ அப்பன் பக்கத்துலயே நின்னான். நல்லா வந்திருக்கா, இல்லையா?"

நன்றாகத்தான் வந்திருந்தாள். அழகாக இருக்கிறாளே என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அவள் என்ன கேட்டாள் என்பது எனக்கு மட்டுமே தெரியும். தெரிந்தும், அன்று சாயங்காலம் அந்தப் படத்தை உறையில் போட்டு ஒட்டியவள் நான்தான். அதை நினைத்தால் என் விரல்களே எனக்கு அருவருப்பாக இருக்கின்றன.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் மாப்பிள்ளை வந்து இறங்கினார். அவர்கள் வீட்டில் நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பிறகு சொன்னார்கள். காப்பி கொண்டுவந்து வைத்தவளைப் பார்த்து, "அக்காவா இவங்க? பொண்ணக் கூப்புடுங்க" என்றாராம். கமலமே சொன்னாளாம், "நான்தான் பொண்ணு" என்று.

அங்கிருந்து நேராக நம் ஸ்டூடியோவுக்கு வந்தார். முரட்டு ஆள் இல்லை. படத்தை மேஜைமேல் வைத்து உங்கள் பக்கம் திருப்பினார்.

"சார், கப்பல்ல நாலு நாளும் இந்த மூஞ்சியப் பார்த்துக்கிட்டே வந்தேன். இது யாரு?"

நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "லென்ஸ் அப்படித்தான் சார் எடுக்கும்."

"தழும்பு இருக்குன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா நான் யோசிச்சிருப்பேனே. இப்ப எதப் பார்த்தாலும் பொய்யாத் தெரியுது."

அப்போதுதான் அதைச் சொன்னீர்கள். "என்னக் கேட்டா? பொம்பளைங்க படமெல்லாம் என் வீட்டுக்காரி எடுக்கறது. அவளத்தான் கேக்கணும்."

இருட்டறைத் திரைக்குப் பின்னால் ஈரக் கையோடு நின்றிருந்தேன். வெளியே வந்தேன். "இத நான் எடுக்கலீங்க. ஆனா பார்த்தேன். பார்த்தும் வாயத் தொறக்கல" என்றேன். அவர் என்னையும் பார்த்தார், உங்களையும் பார்த்தார். படத்தை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். ரங்கூனுக்கே திரும்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

அன்றே, உடைந்த பிளேட்டுகள் போடும் கூடையைக் கவிழ்த்துத் தேடினேன். என் பிளேட்டு ஒரு கீறலும் இல்லாமல், பழைய நாளிதழில் பத்திரமாகச் சுற்றி அடியில் கிடந்தது. கோபத்தில் வீசி உடைத்திருந்தால்கூட உங்களை மன்னித்திருப்பேன். சுற்றி வைத்திருந்தீர்கள். நல்ல படம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பிரிண்ட் போட்டு அல்சூருக்கு எடுத்துப்போனேன். அவள் தகப்பனார் என்னை உள்ளே விடவில்லை. "ஆய்த்தும்மா, எல்லாம் ஆய்த்து. இனிமே எதுக்கு வந்தீங்க?" என்று கதவை அடைத்தார். பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து கமலத்திடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இதானே அக்கா நான் கேட்டது."

"ஆமா."

"அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன்."

படத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். கல்யாணம் செய்துகொள்ளாமலே பிறகு அந்தப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆனாள். இன்று வரை நம் ஸ்டூடியோ படி ஏறவில்லை. பள்ளியில் வருடா வருடம் எடுக்கும் குழுப்படத்துக்கு வேறு ஆளை அழைக்கிறாள். அதுதான் நியாயம்.

அதன் பிறகும் உங்களோடு இருந்தேன், சமைத்தேன். ஆனால் நீங்கள் பென்சிலைச் சீவும் சத்தம் கேட்டால் வாயில் எச்சில் ஊறும், துப்பவேண்டும்போல. "இரக்கம்" என்ற சொல்லை நீங்கள் எடுத்தபோதெல்லாம் எழுந்து போய்விடுவேன். ஏன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

காசநோய் கடைசியில் உங்களை எலும்பாக்கியது. அண்ணனுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்றீர்கள். நான் ஜெர்மன் லென்ஸை மாட்டியிருந்தேன். கேமரா முகப்பைப் பார்த்ததும் புரிந்துகொண்டீர்கள்.

"வேணாம் ஞானம். பித்தளையப் போடு."

மாற்றினேன். உட்காருகிறவர் கேட்டதைக் கொடுக்கவேண்டும் என்று நான் கமலத்திடம் படித்திருந்தேன். அந்தப் படம்தான் இன்று உங்கள் அண்ணன் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. என்ன களையான முகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே போனால் நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறேன்.

நான் கறுப்புத் துணியை மடிக்கும்போது நீங்கள், "இன்னொண்ணு எடு. அந்த ஜெர்மன் லென்ஸ்ல. யாருக்கும் அனுப்பாத, நீ வெச்சுக்க" என்றீர்கள்.

எடுத்தேன். ஒரே ஒரு பிரிண்ட் போட்டு என் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். குழிவிழுந்த கன்னம், நரம்பு புடைத்த கழுத்து, பயந்த கண் எல்லாம் அப்படியே இருக்கின்றன. உதடு மட்டும் கலங்கியிருக்கிறது. ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். நான் மூன்றுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். "அசையாதீங்க" என்றேன். நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள்.