நான் தள்ளிவிட்ட உருண்டைகள்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இங்கு நலம் என்று எழுதினால் பொய். அங்கு நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. நாலு நாளாக என் போனை நீ எடுக்கவில்லை. எடுக்காததும் நியாயம்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

குழாய்க்காரர் வந்து சமையலறைக் கசிவைச் சரிசெய்துவிட்டார். உன் தொட்டிச்செடிகளில் ஒன்று வாடிவிட்டது. அதற்கும் சேர்த்தே திட்டிக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைய திட்டக் கூட்டத்தில், அந்த ஊர் ஆய்வகத்தில் இருந்தபடியே உன் வரைபடத்தைத் திரையில் காட்டினாய். அதிரும் பெட்டிக்குள் எஃகு உருண்டைகள் ஒவ்வொரு முட்டலிலும் கொஞ்சம் வேகத்தை இழக்கின்றன, பெட்டியின் அடித்தட்டு உதைத்து மறுபடி கொடுக்கிறது. அதனால் காற்றின் மூலக்கூறுகளைப் போல இவற்றின் வேகங்கள் மணிவடிவக் கோட்டுக்குள் அடங்குவதில்லை, மிக வேகமானவை அந்தக் கோடு சொல்வதைவிட அதிகம் என்றாய். நான் எழுந்து, அது உன் கேமராவின் குளறுபடி, இங்கே என் ஆய்வகத்தில் அதிரும் பெட்டியில் அப்படி எதுவும் இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அப்படியானால் உன் பகுதியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம் என்றார் திட்டத் தலைவர். எடுத்தால் உன் வேலையும் போகும் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பிறகு மனசு கேட்காமல் என் கேமரா எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாலேயே பார்த்தேன். நீ சொன்ன வேக உருண்டைகள் என் பெட்டியிலும் இருக்கின்றன. இரண்டு படங்களுக்கு நடுவே ஓர் உருண்டை ரொம்பத் தூரம் போயிருந்தால், அது வேறு உருண்டை என்று தள்ளிவிடும்படி, உருண்டைகளைக் கணக்கிடும் கணினி நிரலில் நானே எழுதி வைத்திருக்கிறேன். உயரமானவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, இந்தக் கல்யாணத்துக்கு உயரமானவர் யாருமே வரவில்லை என்று சொன்ன கதைதான்.

இன்று காலை தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் படங்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "வீட்ல சண்டையா? அங்கயே சமாதானம் பண்ணிக்கங்க" என்றார். அன்று உன்னை மறுத்தபோது, பெண்டாட்டி என்றுகூடப் பார்க்காத நேர்மைக்காரன் என்று அவரும் கூட்டத்தில் இருந்தவர்களும் முதுகில் தட்டினார்கள். இன்று உண்மையைச் சொன்னால் பெண்டாட்டிக்கு வக்காலத்து வாங்குகிறேனாம். கூனிக்குறுகி வெளியே வந்தேன். அன்று அந்தத் தட்டலுக்கு நான் பூரித்துப்போனதை நினைத்தால் உடம்பே கூசுகிறது.

என் படங்களையும் நிரலையும் அப்படியே உனக்கு அனுப்பியிருக்கிறேன். நான் தள்ளிவிட்டதை எல்லாம் நீயே எண்ணிப் பார். அடுத்த கூட்டத்தில் நீயே காட்டு. யார் தப்பு என்று மறைக்காமல் சொல்லு. என் பேச்சு இனி எடுபடாது. தலைவர் என்னைக் கேட்டால், ஆமாம் என் தப்புதான் என்று எல்லார் முன்னும் எழுந்து நிற்பேன்.

அதுவரை பேச வேண்டாம் என்றால் சரி. ஒரே ஒரு தடவை மட்டும் போனை எடு. மன்னிப்புக் கேட்டு உன்னைத் தொல்லை செய்ய மாட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

நீ வைத்த பெயர் பொய்க்காத,
உன் அவசரக்குடுக்கை