காதைப் பொத்திய கை

அத்தை,

போன மாதம் கோயம்புத்தூரில் ஓர் ஓவியக் கண்காட்சியில் ஒரு படம் வாங்கினேன். தரையில் உட்கார்ந்து ஒரு பெண் முறத்தில் அரிசி பொறுக்குகிறாள். மடியில் குழந்தை தூங்குகிறது. ஒரு கையால் கல் பொறுக்கியபடி, இன்னொரு கையால் குழந்தையின் காதைப் பொத்தியிருக்கிறாள். அதைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

சூலூரில் நம் லைன் வீடுகளுக்குப் பின்னாலேயே தறிக்கூடம். பகல் முழுக்கச் சத்தம். அதற்கு நடுவே ஒரு கை என் காதைப் பொத்தித் தூங்கவைத்தது நன்றாக நினைவிருக்கிறது. முகம் நினைவில்லை. ஆனால் அது அம்மாவின் கை என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. படத்தை நேரே அம்மாவிடம் கொண்டுபோனேன்.

"பாரும்மா, நீயும் நானும்."

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இது நானில்ல கண்ணு. பொழுதுக்கும் நான் தறில நின்னேன். உன்ற காதப் பொத்த எனக்கேது கை? பக்கத்து ஊட்டு அத்தைதான் உன்னய மடில போட்டுக்குவாங்க."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

ரம்ஜான் மாதத்தில் தூக்குப்போசியில் நோன்புக் கஞ்சி அனுப்புகிறவராக மட்டுமே உங்களை நினைவு வைத்திருந்தேன். நான் பள்ளியில் சேர்ந்த வருடமே மகனோடு பொள்ளாச்சிக்குப் போய்விட்டீர்கள். அம்மா வேலை முடிந்து ஓடிவந்து உங்கள் வாசலில் நிற்பாளாம். "தூங்கற புள்ளய எழுப்பாதீங்க அம்மணி, மொகங் கழுவிட்டு வாங்க, டீ வெக்கறேன்" என்பீர்களாம். சில நாள் நான் விழித்துக்கொண்டு, அம்மாவிடம் போகமாட்டேன் என்று உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவேனாம்.

"இத்தன வருசமா ஏம்மா சொல்லல?"

"சொன்னா உன்னயத் தூக்கிக் குடுத்துப்போட்ட மாதிரி ஆயிருமோன்னு இருந்துச்சு."

நீங்கள் இறந்தபோது பொள்ளாச்சிக்குப் போனதையும் அப்போதுதான் சொன்னாள். நான் கல்லூரி விடுதியில் இருந்த காலம். தெரிஞ்சவங்க ஊட்டு சாவுக்குப் போறேன் என்று மட்டும் அன்று போனில் சொல்லியிருந்தாள். யாரென்று நான் கேட்கவில்லை.

அந்த மடியில் கிராம்பு மணக்கும், அத்தை. அம்மாவின் சேலையில் பஞ்சும் தறி எண்ணெயும்தான். இது எனக்கு ஏன் ஒருநாளும் உறைக்கவில்லை? காய்ச்சலில் கிடக்கும்போது நான் மனதில் போய்ப் படுத்துக்கொள்வது அந்த மடியில்தான். அப்போதெல்லாம் அம்மா, அம்மா என்று முனகினேனே, யாரைக் கூப்பிட்டேன்? இப்போது வருகிற அழுகை உங்களுக்கா, இத்தனை வருடம் இதை உள்ளேயே வைத்திருந்த அவளுக்கா என்றும் தெரியவில்லை.

படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? சமையக்கட்டுல மாட்டு. நானும் அவியளும் பேசிட்டிருக்கறோம்" என்றாள்.

ஆணி அடிக்கும்போது, இன்னும் கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம் என்று அவளே இடம் சொன்னாள்.

அன்றிலிருந்து உங்கள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அம்மாவின் முகமே வருகிறது. அவளை விலக்கிவிட்டு உங்களைத் தேட எனக்கு மனம் வரவில்லை.